புறவாசல் தென்னம்பூ

ஜொகூர் பாரு
ஜூன் 9

அண்ணனுக்கு,

போன் வேண்டாம். நேற்று நீ துண்டித்தாயா நானா, தெரியவில்லை. இரண்டு பேரும் கத்தினோம். நடுவில் "ஆரு, பிரியாவா?" என்று அம்மை கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் மின்னஞ்சல்.

இன்றைக்கு அலுவலகத்தில் எங்களை ஒரு மலாய்ப் பண்பாட்டு மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். நகரம் முடிந்து செம்பனைத் தோட்டம் தொடங்கும் இடம். தூண்களின் மேல் நிற்கும் மரவீடுகள். ஒரு வீட்டில் பட்டில் பொன்னிழை கோத்து நெய்துகொண்டிருந்தார்கள். இன்னொன்றில் துணியின் மேல் உருகிய மெழுகால் கோடு இழுத்தார்கள். வளைந்த கத்திகள். ஆள் உயரப் பட்டம். தாழை ஓலைப் பாய். நம் மணக்குடிக் காயல் கரையில் நிற்கிற அதே தாழை, அதே முள். ஒரு மேசையில் பல்லாங்குழி. அவர்கள் அதற்குச் சொங்காக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வழிகாட்டிப் பெண்ணைத் தோற்கடித்தேன். அம்மையிடம் சொல்.

கடைசி வீட்டில்தான் நின்றுவிட்டேன்.

ரொஹானி என்று ஒரு பெண். அம்மை வயது இருக்கும். தென்னை ஈர்க்கில் மினுமினுக்கும் தாளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிய ஈர்க்குகளைக் கம்பின் உச்சியில் விரித்துக் கட்டினால் தென்னம்பூ. புங்கா மங்கார் என்கிறார்கள். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் முன்னால் பிடித்துப் போவார்களாம். நாங்களும் கல்யாணத்துக்குத் தென்னம்பூதான் வைப்போம், நாழி நிறைய நெல் போட்டு அதில் குத்துவோம், அதை ஏந்திக்கொண்டு வாசலில் நின்று மாப்பிள்ளையை எதிரேற்பார்கள் என்றேன். அவளுக்குச் சந்தோஷம்.

உன் கல்யாணத்தில் யார் ஏந்துவார்கள் என்று கேட்டாள்.

சித்தி.

அம்மா இல்லையா?

இருக்கிறாள்.

கால் முடியாதா?

கால் நன்றாகத்தான் இருக்கிறது.

அவள் அடுத்த ஈர்க்கை எடுத்தாள். அவள் புருஷன் இறந்த மறுவருஷம் மூத்த மகளுக்குக் கல்யாணம், முன்னால் பூப் பிடித்து நடந்தது அவள்தான் என்று வழிகாட்டிப் பெண் பிறகு சொன்னாள். எனக்கும் ஓர் ஈர்க்கு கொடுத்தார்கள். தாள் சுற்றினேன். பாதி அவிழ்ந்துவிட்டது.

ஆவணியில் என் கல்யாணம். நம் வீட்டு வாசலில் நிறைநாழி ஏந்தி அம்மை நிற்பாள். இதை நான் உன்னிடம் கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.

சிவப்ரியா

*

தக்கலை
ஜூன் 17

பிரியா,

தலைப்பில் 'தகவல்' என்று போட்டிருந்தாய். மின்வாரியச் சுற்றறிக்கை என்று நினைத்து ஒரு நாள் கழித்துத்தான் திறந்தேன்.

பல்லாங்குழியில் ஜெயித்ததை அம்மையிடம் சொன்னேன். "அவ கள்ளக்களிதான் களிச்சிருப்பா, காயை ஒளிச்சு வச்சிருப்பா" என்றாள்.

மற்றது. நீ மூன்று மணி நேரம் ஒரு மையத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிட்டாய். நான் இங்கே இருக்கிறேன். அப்பா விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்னோடு நின்றவர் பெரியப்பா. சடங்கு முடிகிற வரை தன் வீட்டுக்குப் போகாதவர். உனக்கு மாப்பிள்ளை பார்க்க அஞ்சுகிராமத்துக்கு என்னைவிட அதிகம் போனவரும் அவர்தான். அவரிடம் நான் வாய் திறக்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஏலே, ஊரு வாயை அடைக்க ஒனக்கு ஆவுமா?"

"ஊர்ல ஆரும் ஒண்ணும் கேக்கல்லியே பெரியப்பா."

"இப்பக் கேக்க மாட்டான். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்தா அன்னைக்குச் சொல்லுவான், அம்மைக்காரி வாசல்ல நின்னால்லான்னு. அப்ப என்ன செய்வே? ஊருக்குக் கரண்டை நிறுத்துவியா?"

சிரித்துவிட்டேன். தாணப்பப் பெரியப்பா சிரிக்கவில்லை.

பூவுக்கு நீ கவலைப்பட வேண்டாம். கிணற்றடித் தென்னை இருக்கிறது. தெருவில் எந்தக் கல்யாணத்துக்கும் பூ போவது அதிலிருந்துதான். வெடிக்கப் போகிற பாளையைக் கீழே நின்றே பார்த்துச் சொல்ல அம்மையை விட்டால் ஆளில்லை. நேசமணி அண்ணனை மரத்தில் ஏற்றி, இறக்கி, ஈரத்துணி சுற்றி, புறவாசல் வழியாகக் கொடுத்தனுப்புவாள். அப்பா போன பிறகும் அது நிற்கவில்லை. அவளுக்குக் கல்யாணத்தில் பங்கே இல்லை என்பது போல நீ எழுதாதே.

திரும்பி வந்து அம்மையிடமும் கேட்டேன். பயறு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாசல்ல நீ நிக்கணும்னு பிரியா சொல்லுகா."

"அவ மலேசியாலல்லா இருக்கா. நீ என்ன சொல்லுகே?"

நான் துணை மின்நிலையத்துக்குப் போக நேரமாகிவிட்டது என்றேன்.

பிரதீஷ்

*

ஜொகூர் பாரு
ஜூன் 19

அண்ணா,

ஞாயிற்றுக்கிழமையில் துணை மின்நிலையம்.

நீ எழுதியதில் அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவள் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நீ சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

பெரியப்பா செய்தது எதையும் நான் மறக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. அவர் நம்புவதைச் சொல்கிறார். நீ நம்பாததைச் செய்கிறாய்.

லிங்கேஷிடம் பேசினேன். (மாப்பிள்ளை அவர் வீட்டில் இன்னும் பூதலிங்கம்தான். உன் அழைப்பிதழில் எதைப் போடுகிறாய் என்று பார்க்கிறேன்.) "எங்க வீட்ல ஒரு பிரச்சினையும் இல்ல, ஒங்க வீட்லதான் பேசி முடிக்கணும்" என்றார். பேசி முடிக்கத்தான் எழுதுகிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஷாஜன் விடுமுறைக்குத் தேங்காய்ப்பட்டணம் வருகிறான். அவனிடம் ஒரு நீளப் பெட்டி கொடுத்திருக்கிறேன். உள்ளே இரண்டு மங்கார். ரொஹானி கட்டியது ஒன்று. நான் கட்டியது ஒன்று. எது எது என்று அம்மைக்குப் பார்த்தவுடன் தெரியும். அவள் பார்க்கட்டும், வேறு எதற்கும் இல்லை.

நான் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. அம்மை நிற்பாள் என்று நீ எழுதிய பிறகு எடுப்பேன்.

இது மிரட்டல் என்று நினைக்காதே. வேறு எப்படி வருவது என்று எனக்குத் தெரியவில்லை.

சி.

*

தக்கலை
ஜூலை 7

பிரியா,

முடிந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் எடு.

ஷாஜன் மழையில் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். "விமான நிலையத்துல இதைத் தொறந்து பாத்துட்டு அவனுவ எல்லாரும் செல்ஃபி எடுத்தானுவ" என்றான். அம்மை இரண்டையும் கையில் வாங்கி, ஒன்றைப் பார்த்து "இது எம் பிள்ளை கெட்டினது" என்றாள். நீ சொன்னது சரி. பிறகு தாளை நகத்தால் நீக்கி உள்ளே பார்த்தாள்.

"ஈர்க்கு. நாம முத்தம் பெருக்குக வாரியல்ல உள்ளதுதான்."

குளிர்பெட்டி மேல் வைத்தாள். சமையல்கட்டில் விளக்குப் போட்டால் பளபளவென்று இருக்கிறது.

பெரியப்பா வந்தார். பார்த்தார். உட்கார்ந்து காப்பி முழுவதும் குடித்தார். பிறகு அவரே சொன்னார்: "இது காயிதம். காயிதப் பூவுக்கு ஒரு தோசமும் இல்லே. உலகம்மை இதைப் பிடிச்சிட்டு ஒரு ஓரமா நிக்கட்டு. நெறநாழி சித்தி கையில. பிள்ளைக்கும் சமாதானம், நமக்கும் சமாதானம்."

நான் கேட்காமல் அவராகவே இறங்கி வந்திருக்கிறார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். அம்மை வாசலில் நிற்பாள். கையில் பூவும் இருக்கும். நீ கேட்டதும் அதுதானே.

பிரதீஷ்

*

ஜொகூர் பாரு
ஜூலை 10

அண்ணா,

சரி.

இதை மூன்று நாளாக எழுதுகிறேன். முதலில் எழுதியது இரண்டு பக்கம். அழித்துவிட்டேன். அம்மை வாசலில் நிற்பாள், யாரும் அவளை உள்ளே போகச் சொல்ல மாட்டார்கள், அது போதும் என்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் எல்லோரோடும் சண்டை போட்டுவிட்டுக் கல்யாண மேடையில் உட்கார எனக்குத் தெம்பில்லை. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை, எடுப்பேன்.

ரொஹானியிடம் இன்னும் நான்கு கேட்டிருக்கிறேன். அம்மையை நிறுத்துகிற ஓரமாவது பளபளவென்று இருக்கட்டும்.

சி.

*

தக்கலை
ஆகஸ்ட் 23

பிரியா,

ஆடி முழுவதும் நம் இருவருக்கும் எழுத ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது. நீளமாக எழுதப் போகிறேன், பொறு.

நம் தெரு ராஜமணி மாமாவின் மகளுக்கு நேற்றுக் கல்யாணம். போன ஞாயிற்றுக்கிழமை அவரும் பெரியப்பாவும் புறவாசலுக்கு வந்தார்கள். வழக்கம் போல. அம்மை துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வியாழக்கிழமைக்குப் பாளை ஒண்ணு வேணும்."

அம்மை கையை உதறிவிட்டு உள்ளே போனாள். குளிர்பெட்டி மேலிருந்த மங்காரை எடுத்து வந்து நீட்டினாள். ரொஹானி கட்டியதை. நல்லதை.

"இது என்னதுக்கா?"

"மலேசியாப் பூ. தோசம் இல்லாதது."

ராஜமணி மாமா அதை வாங்கிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், குழந்தை போல் ஆட்டிப் பார்த்தார். பெரியப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

உனக்குத் தெரியும், பெரியப்பாவும் அம்மையும் நேராகப் பேச மாட்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடுவில் ஓர் ஆள் வேண்டும். முன்பு அப்பா. இப்போது நான். இரண்டு கை தூரத்தில் நிற்பார்கள், என் வழியாகத்தான் மின்சாரம் போகும்.

"பிரதீஷு, ஒங்க அம்மைட்ட சொல்லு, இது வெளையாடுக காரியம் இல்லேன்னு."

"மக்கா, ஒங்க பெரியப்பாட்ட சொல்லு, நானும் வெளையாடல்லேன்னு."

"தன் பிள்ளைக்குக் காயிதம் போதும்னு ஒங்க அம்மை சம்மதிச்சால்லா?"

"ஆரு சம்மதிச்சா? எங்கிட்ட ஆரும் கேக்கல்லியே."

அந்தக் கேள்வி எனக்கு. யாரும் கேட்கவில்லைதான். பெரியப்பா என்னிடம் சொன்னார், நான் உனக்கு எழுதினேன், நீ 'சரி' என்றாய். மூன்று பேரும் சேர்ந்து முடித்துவிட்டோம்.

பிறகு அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். நான் பிறந்து கண்டதில்லை. சத்தம் கூட்டவில்லை.

"பாளை பாத்து வெட்டச் சொல்லுகது இந்தக் கை. கீறி எடுக்குகதும் தண்ணி தெளிச்சுக் கெட்டுகதும் இந்தக் கை. இந்த ரெண்டு வருசத்துல ஒரு வீட்டுக்காரனும் எங்கிட்ட வாங்க மாட்டேன்னு சொல்லல்லே. பொறவாசல்ல வாங்கும்போ இல்லாத தோசம், எம் பிள்ளைக்கு முன்வாசல்ல நின்னா வந்துருமா? வரும்னா, அது அத்தனை வீட்டுக்கும் எப்பமே போயாச்சு. அப்ப நான் இனி ஒருத்தருக்கும் குடுக்கப்பிடாது. குடுக்கவும் மாட்டேன்."

துணி அலச உட்கார்ந்துவிட்டாள்.

பெரியப்பா செருப்பைப் போட்டார். ஒரு கால் மாறிப் போட்டார். போய்விட்டார். ராஜமணி மாமா மங்காரைத் திண்டில் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை அவர் வடசேரிச் சந்தையிலிருந்து பாளை வாங்கி வந்தார். வீட்டில் வைத்துக் கீறியபோது உள்ளே பூ கருத்துப்போயிருந்தது. கல்யாணப் பந்தலில் கருத்த பூவை யார் வைப்பார்கள்? புதன்கிழமை சாயங்காலம் அவரும் அவர் பெண்டாட்டியும் வந்தார்கள். முன்வாசலுக்கு. அவள்தான் பேசினாள்.

"அக்கா, இந்த மனுசனுக்குக் கேக்கத் தெரியாது. நீங்க பாளையை எடுத்துட்டு நீங்களே வாங்க. வந்து நாழில குத்தித் தாங்க. எங்க வீட்டுக்கு ஒங்க கை போதும்."

அம்மை என் பக்கம் திரும்பினாள். "நேசமணியை விளி" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

நேற்றுக் காலையில் அவள் குளித்து, அந்தப் பச்சைக்கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஈரத்துணியில் சுற்றிய பூவைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்தாள். நான் பின்னால் போனேன். என்ன செய்ய என்று தெரியாமல்தான் போனேன். தெருவில் ஆட்கள் பார்த்தார்கள். ஒரு கிழவி மட்டும் "எங்க போறே உலகம்மை?" என்றாள். "கல்யாணத்துக்கு" என்றாள் அம்மை. அவர்கள் பந்தலில் பூவை விரித்து, நெல்லில் குத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் பாயசம் கேட்டு வாங்கினாள்.

பெரியப்பா அங்கே இருந்தார். முதல் பந்தியிலேயே எழுந்து போய்விட்டார்.

திரும்பி வரும்போது கேட்டேன்.

"அம்மை, வாசல்ல நீதான் நிக்கணும்."

"ஆரு சொல்லுகா?"

"நான் சொல்லுகேன். நான்தான் கேக்கேன்."

"ஆனிலல்லா நான் ஒங்கிட்டக் கேட்டேன். நீ அப்பம் சட்டையைப் போட்டுட்டுப் போனவன்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நிக்கேன்" என்றாள்.

பெரியப்பாவிடம் இன்று காலையில் நானே போய்ச் சொன்னேன். "அப்ப நான் வரல்லே" என்றார். வரவில்லை என்றால் அது என் முடிவால், உன்னாலோ அம்மையாலோ இல்லை என்றும் சொன்னேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். நான் வந்துவிட்டேன்.

உன் கல்யாணத்துக்கான பாளையை அம்மை பார்த்து வைத்துவிட்டாள். நேசமணி அண்ணன் ஏறி அடையாளம் வைத்திருக்கிறார். எதைக் கட்டினார்கள் தெரியுமா? நீ கட்டிய மங்காரிலிருந்து அவிழ்ந்த தாள். தெருவிலிருந்து பார்த்தாலே மரத்தில் மின்னுகிறது. காக்கை ஒன்று அதைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

பிரதீஷ்

*

ஜொகூர் பாரு
ஆகஸ்ட் 23, மாலை

அண்ணா,

டிக்கெட் எடுத்தாயிற்று.

அந்தச் 'சரி' என்னுடையது. அம்மையிடம் நானும் கேட்கவில்லை. அவளுக்காகப் போட்ட சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவளிடமே ஒரு வார்த்தை கேட்காமல்.

ரொஹானியிடம் இனி கட்ட வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்றாள். அம்மைக்கு அசல் பூதான் வேண்டுமாம் என்றேன். "நல்ல பூ இருக்கும்போது காகிதம் எதற்கு" என்று சிரித்தாள்.

வருகிறேன்.

சி.

*

ஜொகூர் பாரு
செப்டம்பர் 22

அண்ணா,

வந்து சேர்ந்தோம். லிங்கேஷ் தூங்குகிறார்.

நான் இத்தனை எழுதினேன், கத்தினேன், டிக்கெட் எடுக்காமல் இருந்தேன். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? மாப்பிள்ளை வரும்போது பெண் வெளியே தலை காட்டக் கூடாது என்று சித்தி அறைக் கதவைச் சாத்திவிட்டாள். தலையில் பூ, கழுத்தில் மாலை, எதிரே ஒரு சுவர். மேளம் கேட்டது. மேளம் நின்றது. யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வீடியோ இன்று வந்தது. அந்த நேரம் முழுவதும் வீடியோக்காரன் டிரோனைப் பறக்கவிட்டிருக்கிறான். பந்தல் கூரை தெரிகிறது. தெருவும், கிணற்றடித் தென்னையின் கொண்டையும் தெரிகின்றன. அம்மை தெரியவில்லை.

அன்றைக்கு உன்னிடம் இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. அம்மையிடம் கேட்டேன். "நின்னேன்" என்றாள்.

நீ பக்கத்தில் இருந்தாய். எழுது.

சி.

*

தக்கலை
செப்டம்பர் 24

பிரியா,

மேளம் முடுக்கில் திரும்பியபோதே அம்மை வந்து நின்றுவிட்டாள். சித்தி குத்துவிளக்கோடு பக்கத்தில். "எனக்கு வெளக்குப் போதும் அக்கா, நாழி பாரமாக்கும்" என்றாள் சித்தி. நல்லவள். ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

நாழி பாரம்தான். அம்மை நெல்லைக் குவித்துப் போட்டிருந்தாள். ஆவணிக் காற்று. பூ ஆடி ஆடி, மணி மணியாக நெல்லிலும் அவள் கையிலும் உதிர்ந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. அழவும் இல்லை. ஆற்றில் இறங்கி நீர் ஒழுக்குக்கு எதிராக நிற்கிற ஆள் மாதிரி காலை ஊன்றி நின்றாள்.

நான் எதிர்வரிசையில் பார்த்தேன். புன்னை மர நிழலில் ஒரு ஸ்கூட்டர். பெரியப்பா. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. இறங்கவும் இல்லை. கழற்றினால் கல்யாணத்துக்கு வந்ததாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. ஊரில் எல்லாருக்கும் அவரை அடையாளம் தெரிந்தது. அவருக்கு மட்டும், தன்னை யாருக்கும் தெரியவில்லை என்று எண்ணம்.

மாப்பிள்ளை கால் கழுவ நின்றார். அங்கே யாரோ சொம்பைத் தட்டிவிட, தண்ணீர் தேட, நேரம் ஆகிக்கொண்டே போனது. அம்மை தூக்கிய கையைத் தாழ்த்தவில்லை. மெல்ல மெல்ல நாழி ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. நான் தாங்கப் போனேன். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள்.

திரும்பிப் பார்த்தால் பெரியப்பா பந்தலுக்குள் நிற்கிறார். என் தோளுக்குப் பின்னால். ஹெல்மெட் கக்கத்தில். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருக்கிறது.

"பிரதீஷு, ஒங்க அம்மைட்ட சொல்லு. நாழி சரியுது."

அம்மை மாப்பிள்ளை வருகிற வழியை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"மக்கா, ஒங்க பெரியப்பாட்ட சொல்லு. எனக்குத் தெரியும்."

நீ கேட்ட சிரிப்பு அப்போதுதான். ராஜமணி மாமா.

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அவள் இடது கையை நாழிக்கு அடியில் கொடுத்து நிமிர்த்தினாள். மாப்பிள்ளை படியேறினார்.

பிரதீஷ்